பனி மூடிய பண்ணைப் பாதையைச் சிறு வண்டியால் திறப்பது எப்படி?

கனடா நாட்டின் டொரண்டோ நகரில் குடியேறிய மகனைப் பார்த்து வந்த உழவர் ஒருவர் சென்ற மாதம் எம்மைச் சந்தித்தார். "ஐயா, அங்கே மாசக் கணக்கில் பனி கொட்டுகிறது. நிலமே தெரியவில்லை. அங்கும் மாடு வைத்திருக்கிறார்களாம். அவர்கள் எப்படித்தான் பண்ணையம் செய்கிறார்கள்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஒரு குளிர்காலம் முழுவதும் தங்கிப் பால் பண்ணைகளைப் பார்க்கும் வாய்ப்பு எமக்குச் சில ஆண்டுகளுக்கு முன் கிடைத்தது. அங்கே கண்டதில் ஒரு பகுதியை மட்டும், அதாவது பனியை ஒதுக்கிப் பாதை திறக்கும் வேலையை, இங்கு விவரிக்கிறோம்.

முதலில் ஒரு சொல் விளக்கம். நாம் மார்கழியில் பனி என்று சொல்வது பெரும்பாலும் புல்லின் மேல் நிற்கும் நீர்த்துளிதான். நீலகிரி மாவட்டத்து உழவர்கள் உறைபனியை அறிவார்கள். அது உருளைக்கிழங்குச் செடியையும் தேயிலைக் கொழுந்தையும் கருக்கிவிடும். இங்கு நாம் பேசப்போவது இவ்விரண்டும் அல்ல. வானிலிருந்து பஞ்சு போல் விழுந்து தரையில் முழங்கால் அளவு, சில வேளைகளில் மார்பளவு, குவிந்து நிற்கும் வெண்பனி. ஒண்டாரியோ ஏரிக்குக் கிழக்கே டக் ஹில் என்னும் மேட்டுப் பகுதி உள்ளது. அங்கே ஓராண்டில் சராசரியாக 200 அங்குலத்துக்கு மேல், அதாவது 5 மீட்டருக்கு மேல், வெண்பனி விழுகிறது. கனடாப் பக்கமிருந்து வரும் கடுங்குளிர்க் காற்று, இன்னும் உறையாத ஏரியின் மேல் வரும்போது வெதுவெதுப்பையும் ஈரத்தையும் வாங்கிக்கொண்டு, கரையேறியதும் பனியாகக் கொட்டிவிடுகிறது. ஒரு ஊரில் கொட்டும். பத்து மைல் தள்ளி அடுத்த ஊரில் வெயில் அடிக்கும்.

பாதை அடைத்தால் பால் சாக்கடைக்கு

நாங்கள் தங்கியிருந்தது 45 கறவை மாடுகள் கொண்ட ஒரு குடும்பப் பண்ணை. அந்நாட்டுக் கணக்கில் அது சிறு பண்ணை. மாடு ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 30 லிட்டர் வீதம், இரண்டு நாளில் 2,700 லிட்டர் பால் சேரும். அதைக் குளிரூட்டும் தொட்டி ஒன்றில் தேக்கி வைப்பார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் டாங்கர் லாரி வந்து உறிஞ்சிச் செல்லும். தொட்டி இரண்டு நாள் பாலுக்கும் கொஞ்சம் மேல்தான் கொள்ளும். லாரி வரவில்லை என்பதற்காக மாட்டின் மடி காத்திருக்காது. அடுத்த வேளைப் பாலைக் கறந்தே ஆக வேண்டும். ஊற்ற இடமில்லையானால் சாக்கடையில்தான் விட வேண்டும். 2014ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஈரி ஏரியை ஒட்டிய பஃபலோ நகர வட்டாரத்தில் சில இடங்களில் 5 அடிக்கு மேல் பனி விழுந்தபோது, லாரி வர முடியாமல் உழவர்கள் பாலைக் கொட்டினார்கள்.

நெடுஞ்சாலைப் பனியை அரசு வண்டிகள் ஒதுக்கிவிடும். சாலையிலிருந்து மாட்டுக் கொட்டகை வரையுள்ள பண்ணைப் பாதை உழவரின் சொந்தப் பொறுப்பு. எங்கள் பண்ணையில் அது 150 மீட்டர் நீளம். லாரி தாராளமாக வந்து திரும்ப 4 மீட்டர் அகலமாவது வேண்டும். ஒரு அடி உயரம் பனி விழுந்தால் அந்தப் பாதையில் மட்டும் 180 கன மீட்டர் பனி கிடக்கும்.

பஞ்சு போன்றதுதானே, தள்ளிவிடலாம் என்று நாமும் நினைத்தோம். அங்கேதான் விஷயம் இருக்கிறது. கடுங்குளிரில் விழும் உலர்ந்த பனி கன மீட்டருக்கு 100 கிலோ அல்லது அதற்கும் குறைவாகவே இருக்கும். வெப்பநிலை சுழியை ஒட்டி நிற்கும்போது விழும் ஈரப் பனியோ 250 கிலோ இருக்கும். அதன் மேல் மழைத் தூறலும் விழுந்துவிட்டால் இன்னும் கனக்கும். ஆக, அதே பாதையில் அதே ஒரு அடிப் பனி, ஒருநாள் 18 டன். வேறொரு நாள் 45 டன். உயரத்தைப் பார்த்து எடையை மதிப்பிட்டவர்கள் அங்கே நிறையப் பேர் ஏமாந்திருக்கிறார்கள். மண்வாரி கொண்டு ஈரப் பனியை வாரியெறியும்போது மாரடைப்பு வந்து இறப்பவர்கள் ஆண்டுதோறும் உண்டு. குளிரில் இரத்தக் குழாய் சுருங்கியிருக்கும் நேரத்தில் திடீரென்று கடும் உழைப்பு கொடுப்பதே காரணம். நடு வயதைத் தாண்டியவர்கள் மண்வாரியை நம்பாமல் இயந்திரத்தை நாடுவது சோம்பலால் அல்ல.

அந்த வண்டி எப்படிப்பட்டது?

சிறு பண்ணைகளில் இதற்குப் பயன்படுவது யூ.டி.வி. என்று அழைக்கப்படும் நான்கு சக்கரப் பண்ணை வண்டி. ஜீப்பைச் சுருக்கி வைத்தது போல் இருக்கும். முன்னால் இரண்டு அல்லது மூன்று பேர் உட்கார இடம், பின்னால் தீவனமோ வேலிக் கம்பமோ ஏற்ற ஒரு சிறு தொட்டி, காடு மேடு எங்கும் போகும் பருத்த டயர்கள். எடை பெரும்பாலும் 600 முதல் 800 கிலோ. 1988இல் கவாசாகி நிறுவனம் இவ்வகையில் ஒன்றை 'மியூல்' என்ற பெயரில் கொண்டுவந்தது. மியூல் என்றால் கோவேறு கழுதை, பெயர் பொருத்தந்தான். பின்னர் ஜான் டீர், போலாரிஸ் போன்றவையும் இத்துறையில் இறங்கின. கோடையில் வேலி பார்க்கவும், கன்றுக்குத் தீவனம் கொண்டுபோகவும் ஓடும் அதே வண்டியின் முகத்தில், குளிர்காலத்தில் ஒரு இரும்புத் தகட்டை மாட்டிவிடுகிறார்கள்.

இதைப் பனிக் கலப்பை என்றே அவர்கள் சொல்கிறார்கள். பெயர் கலப்பை என்றாலும் வேலை அதுவல்ல. நம் பரம்புப் பலகையை முன்பக்கம் கட்டித் தள்ளினால் எப்படியோ அப்படி. தகட்டை ஏற்றி இறக்க வண்டியின் முன்னால் மின்சாரத்தில் சுழலும் வின்ச் இருக்கும். தகட்டை இடப்பக்கமோ வலப்பக்கமோ சாய்த்து வைக்கலாம்; அப்போது பனி முன்னால் குவியாமல் ஓரமாக உருண்டு விழும். அடியில் இரண்டு பக்கமும் செருப்புப் போன்ற இரும்புக் கட்டைகள் உண்டு. பாதை சரளைக் கல் பாதையானால் இவற்றைச் சற்று இறக்கித் தகட்டின் வாய் அரை அங்குலம் தூக்கி நிற்கும்படி வைக்க வேண்டும். இல்லையேல் பனியோடு சரளையும் வயலுக்குப் போய்விடும். தரை நன்றாக உறைந்து கல்லாக இறுகிய பிறகு தகட்டைத் தாழ்த்திக்கொள்ளலாம்.

தகட்டின் நீளத்தில் பலர் தவறு செய்கிறார்கள். வண்டியின் சக்கரத் தடம் ஏறக்குறைய 5 அடி. 5 அடித் தகடு போதுமே என்று வாங்கினால், அதை 30 பாகை சாய்த்ததும் அது துடைக்கும் அகலம் 4 அடி 4 அங்குலமாகக் குறைந்துவிடும். ஒரு பக்கச் சக்கரம் ஒதுக்காத பனியின் மேல் ஏறும். 6 அடித் தகடானால் சாய்த்த பிறகும் 5 அடிக்குச் சற்று மேல் துடைக்கும். சக்கரம் சுத்தமான தரையில் போகும்.

குதிரைத் திறன் அல்ல, எடையும் பிடிமானமும்

வண்டி விற்பவர்கள் எஞ்சினின் குதிரைத் திறனையே பெரிதாகப் பேசுகிறார்கள். பனி தள்ளும் வேலையில் எஞ்சின் தோற்பது மிக அரிது, டயர்தான் தோற்கிறது. இது நம் சேற்று வயலில் டிராக்டர் ஓட்டியவர்களுக்குப் புதிதல்ல. எஞ்சின் உறுமும், சக்கரம் நின்ற இடத்தில் சுழலும், வண்டி நகராது. நாம் கேஜ் வீல் மாட்டுகிறோம். அவர்கள் டயரில் சங்கிலி சுற்றுகிறார்கள். இறுகிய பனியின் மேல் ரப்பர் டயரின் பிடிமானம், அதன் மேல் உள்ள எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான். 800 கிலோ வண்டி 200 கிலோ அளவு விசையோடுதான் தள்ள முடியும், எஞ்சின் எவ்வளவு பெரியதாயினும். ஆகவே பின் தொட்டியில் மணல் மூட்டைகளை ஏற்றிக் கட்டுகிறார்கள். 150 கிலோ மணல் ஏற்றினால் பின் சக்கரம் தரையை அழுத்திப் பிடிக்கும். முன்னால் தொங்கும் தகட்டின் பாரத்துக்கும் அது ஈடாகும். மணலுக்கு இன்னொரு பயனும் உண்டு. பாதை வழுக்கினால் ஒரு மூட்டையை அவிழ்த்துத் தூவலாம். நான்கு சக்கர ஓட்டத்தைப் போடாமல் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். ஒரு அடி உயர ஈரப் பனியில் 6 அடித் தகட்டை நேராக வைத்துத் தள்ளினால், வண்டி ஒரு மீட்டர் நகர்வதற்குள் 135 கிலோ பனி முன்னால் சேரும். 6 மீட்டர் போவதற்குள் வண்டி தன் எடைக்குச் சமமான பாரத்தைத் தள்ளிக்கொண்டிருக்கும். அங்கே நின்றுவிடும். அதே பனியை 4 அங்குலம் விழுந்தவுடனேயே ஒதுக்கியிருந்தால் மீட்டருக்கு 45 கிலோதான். தகட்டைச் சாய்த்துவிட்டால் அதிலும் பெரும்பகுதி ஓரத்தில் உருண்டு போய்விடும். பனி நின்ற பிறகு ஒரேயடியாகத் தள்ளலாம் என்பது பெரிய வண்டி வைத்திருப்பவர் பேச்சு. சிறு வண்டிக்காரர் பனி விழ விழத் தள்ள வேண்டும். இரவில் எழ வேண்டியிருக்கும். அதற்கு வேறு வழி இல்லை.

பெல்ட் கருகிய காலை

எங்கள் பண்ணைக்காரருக்கு இது நன்றாகத் தெரியும். அறுபது வயதை நெருங்கியவர். அந்த மண்ணிலேயே பிறந்தவர். ஆயினும் ஜனவரி மாதத்து ஓர் இரவில் அவருக்கே பிசகியது. முந்திய இரவு ஒரு மாடு கன்று ஈனச் சிரமப்பட்டு அவரை விடிய விடிய விழிக்க வைத்திருந்தது. மறுநாள் மாலை பனி தொடங்கியபோது, "பத்து மணிக்கு எழுந்து ஒரு முறை தள்ளிவிடுகிறேன்" என்று படுத்தவர், எழுந்தபோது காலை மணி நான்கு. முழங்கால் அளவு பனி. அதுவும் ஈரப் பனி. கையில் எடுத்துப் பிழிந்தால் தண்ணீர் வடிந்தது. லாரி எட்டு மணிக்கு வர வேண்டும். தொட்டியில் இரண்டு நாள் பால் நிறைந்திருந்தது. டிராக்டரோ தீவனம் கலக்கும் வண்டியோடு பூட்டிக் கிடந்தது. காலைத் தீவனம் போட்டு முடியாமல் அதைக் கழற்ற முடியாது.

அவசரத்தில் அவர் செய்ததை நாம் பக்கத்தில் நின்று பார்த்தோம். வண்டியை வேகக் கியரில் போட்டு, பின்னால் நகர்ந்து வந்து, ஓடிப் போய் மோதினார். நாலைந்து மோதலில் கொஞ்சம் வழி கிடைத்தது. ஆறாவது மோதலில் ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. வண்டி நின்றுவிட்டது.

இந்த வண்டிகள் பெரும்பாலானவற்றில் கியர்ப் பெட்டிக்கு முன்னால் ஒரு ரப்பர் பெல்ட்தான் எஞ்சின் விசையைக் கடத்துகிறது. இரண்டு கப்பிகள் விரிந்தும் சுருங்கியும் வேகத்தைத் தாமாகவே மாற்றிக்கொள்ளும். ஓட்டுவதற்குச் சுகம். ஆனால் பாரம் மிகுந்து சக்கரம் நகர மறுக்கும்போது, வேகக் கியரில் இருந்தால், பெல்ட் கப்பியில் வழுக்கித் தேய்ந்து சூடேறும். சில விநாடிகள் போதும், கருகிவிடும். பனி தள்ளும்போது எப்போதும் கீழ்க் கியர்தான் என்று வண்டியோடு வரும் புத்தகத்திலேயே இருக்கிறது. அவரும் எத்தனையோ பேருக்குச் சொன்னவர்தான். தூக்கமும் கவலையும் சேர்ந்தால் தெரிந்தவனும் தவறுவான்.

நல்லவேளையாக மாற்றுப் பெல்ட் ஒன்று கொட்டகையில் இருந்தது. அதை மாட்ட விரல் விறைக்கும் குளிரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. இதற்குள் அவர் மனைவி லாரி ஓட்டுநருக்குத் தொலைபேசியில் செய்தி சொல்லி, நண்பகலுக்கு வரும்படி மாற்றிக்கொண்டார். ஓட்டுநர் மறுத்திருந்தாலும் குறை சொல்வதற்கில்லை. அன்று அவருக்கு எல்லாப் பண்ணையிலும் அதே கதைதான்.

இரண்டாவது முறை அவர் செய்த விதம்தான் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது. கீழ்க் கியர், நடந்து போகும் வேகம். தகட்டை முதலில் தரைவரை இறக்கவில்லை. பாதி உயரத்தில் நிறுத்தி மேல் அடுக்கை மட்டும் சீவினார். பிறகு இறக்கி அடி அடுக்கை எடுத்தார். தகட்டின் முழு அகலத்தையும் பனிக்குள் நுழைக்காமல், பாதித் தகடு ஒதுக்கிய தரையிலும் பாதித் தகடு பனியிலுமாக வைத்து ஓரம் ஓரமாகக் கடித்துக்கொண்டு போனார். முன்னால் பாரம் சேர்ந்து எஞ்சின் திணறத் தொடங்கியதும், மேலும் மிதிக்காமல் நிறுத்தி, பின்வாங்கி, சற்று விலகி மீண்டும் வந்தார். பார்க்க மெதுவாகத்தான் இருந்தது. மணி பதினொன்றுக்குள் 150 மீட்டரும் திறந்துவிட்டது.

பாதையின் வாயில் ஒரு வேலை பாக்கி இருந்தது. நெடுஞ்சாலையை ஒதுக்கிச் செல்லும் அரசு வண்டி, ஒவ்வொரு பண்ணைப் பாதையின் வாயிலும் ஒரு வரப்பை விட்டுச் செல்லும். சாலை உப்பும் சேறும் கலந்து, இறுகி, கருங்கல் போலாகிவிடும் அது. தகட்டால் மோதினால் தகடு வளையும். அவரும் மகனும் கடப்பாறையால் உடைத்துப் பிளந்த பிறகே வண்டியைக் கொண்டுபோனார்கள். இந்த வரப்பைக் குறைக்க ஒரு உபாயம் உண்டு. அந்நாட்டில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுவதால், வாயிலில் சாலையைப் பார்த்து நின்றால் அரசு வண்டி இடமிருந்து வலமாகப் போகும். ஆகவே நம் பனியை வலப்பக்கம் குவித்துவிட்டு, இடப்பக்கச் சாலையோரத்தில் கொஞ்ச தூரம் காலியாக்கி வைத்தால், வண்டி சுமந்து வரும் பனி அந்தக் காலி இடத்திலேயே விழுந்துவிடும். சாலைக்குக் குறுக்கே பனியைத் தள்ளி எதிர்ப்பக்கம் விடுவது எளிது. ஆனால் நியூயார்க் மாநிலத்தில் அது சட்டப்படி குற்றம். இரவில் வருகிறவன் அதில் மோதி உயிரை விடுவான்.

லாரி பன்னிரண்டரைக்கு வந்தது. அன்று ஒரு லிட்டர் பாலும் வீணாகவில்லை.

முன்கூட்டிச் செய்பவை

பனிக்காலம் தொடங்குமுன்பே பாதையின் இருபுறமும் நாலடி உயரக் குச்சிகளை நட்டுவிடுகிறார்கள். தரை உறைந்த பின் குச்சி இறங்காது. பனி மூடிய பின் பாதை எது, சாக்கடைக் குழி எது என்று தெரியாது. கிணற்று மூடி, தண்ணீர்க் குழாய், பெரிய கல் ஆகியவற்றுக்கும் தனிக் குச்சி. தகடு மறைந்த கல்லில் இடித்தால் மடங்கிக் கொடுக்கும்படி பின்புறம் வில் கம்பிகள் உண்டு. ஆனால் அவை மெதுவாகப் போகிறவருக்குத்தான் உதவும்.

பருவத்தின் முதல் பனியைப் பாதையின் எல்லையோடு விட்டுவிடாமல், இரண்டு மூன்று அடி அதிகமாகத் தள்ளி ஒதுக்க வேண்டும். அந்தக் கரை உறைந்து சுவராகிவிடும். பிறகு சிறு வண்டியால் அசைக்க முடியாது. டிசம்பரில் சோம்பியவருடைய பாதை பிப்ரவரியில் லாரி நுழைய முடியாத சந்தாகச் சுருங்கிவிடும். எங்கள் வட்டாரத்தில் அப்படி ஒருவர் கடைசியில் பெரிய இயந்திரத்தை வாடகைக்குக் கொண்டுவர நேர்ந்தது.

ஈரப் பனி தகட்டில் ஒட்டிக்கொண்டு உருளாமல் நிற்கும். வேலைக்கு முன் தகட்டில் மெழுகு பூசுகிறார்கள். சிலர் சமையல் எண்ணெயே தடவுகிறார்கள். தகட்டை நூறு முறை ஏற்றி இறக்குவதால் வின்ச் மின்சாரத்தைக் குடிக்கும். கடுங்குளிரில் பேட்டரியின் வலுவும் ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடும். ஆகவே பழைய பேட்டரியோடு பனிக்காலத்துக்குள் நுழையக் கூடாது. வின்ச்சின் எஃகுக் கம்பி ஒரே இடத்தில் மடங்கி மடங்கி இழை பிரியும். பலர் அதற்குப் பதில் நார்க் கயிறோ பட்டையோ போட்டுக்கொள்கிறார்கள்.

ஆபத்துகளையும் சொல்ல வேண்டும். இந்த வேலையில் பாதி நேரம் வண்டி பின்னோக்கிப் போகும். பனிக் குவியலில் குகை தோண்டி விளையாடுவது அங்கே பிள்ளைகளுக்கு வழக்கம். வண்டி வேலை செய்யும்போது பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாமல் எஞ்சினை முடுக்குவதில்லை. குவியலின் ஓரத்தில் சக்கரம் ஏறினால் வண்டி கவிழும். இருக்கைப் பட்டையைப் போட்டுக்கொண்டவர்தான் கூண்டுக்குள் பிழைப்பார். கதவை மூடிய கொட்டகைக்குள் எஞ்சினைச் சூடேற்ற ஓடவிட்டால், மணமோ நிறமோ இல்லாத நச்சு வாயு ஆளைச் சாய்த்துவிடும். இது எல்லாக் குளிர்நாட்டிலும் நடப்பது.

இந்த வண்டியைப் பனிக்காகவே வாங்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பதே எம் கருத்து. புதிய வண்டி பத்தாயிரம் டாலருக்கு மேல். ஆண்டு முழுவதும் பண்ணையில் வேலை இருப்பவருக்கு, தகடு மட்டும் கூடுதல் செலவு என்ற கணக்கில் கட்டுபடியாகும். 300 மீட்டருக்கு மேல் பாதை உள்ளவரும், மாதம் முழுவதும் ஈரப் பனி விழும் இடத்தில் இருப்பவரும், டிராக்டரில் பனியை வாரித் தூர வீசும் இயந்திரத்தைப் பூட்டிக்கொள்வதே மேல். அது குவியல் எழுப்பாது, பாதையும் சுருங்காது.

குவியலை எங்கே வைப்பது என்பதிலும் யோசனை தேவை. டிசம்பரில் கொட்டகைக்குப் பக்கத்தில் வசதியாகத் தள்ளிய பனி, ஏப்ரலில் தண்ணீராகப் புறப்படும். கன மீட்டருக்கு 250 கிலோ என்றால் 250 லிட்டர் தண்ணீர். எங்கள் பண்ணைக்காரர் ஒரு வருடம் கன்றுக் கொட்டிலுக்கு மேட்டுப் பக்கத்தில் குவித்துவிட்டு, பனி உருகிய பருவத்தில் இரண்டு வாரம் கன்றுகளை வைக்கோல் மாற்றி மாற்றிக் காப்பாற்றினாராம். இப்போது எல்லாக் குவியலும் சரிவின் கீழ்ப்பக்கம், புல்வெளியை நோக்கி. ஏப்ரல் கடைசியில் தகட்டைக் கழற்றி, சாலை உப்புப் போகக் கழுவி, எண்ணெய் தடவி, கொட்டகைச் சுவரில் சாத்திவிட்டு, அதே வண்டியில் வேலிக் கம்பங்களை ஏற்றத் தொடங்குகிறார்.